நாலு கிலோவுக்குக் கீழ்

கறுவாவைத் தூக்கிக்கொண்டு
தராசில் ஏறினேன்.
அறுபத்தொன்று தசம் நாலு.
அவளை இறக்கிவிட்டு மறுபடி ஏறினேன்.
ஐம்பத்தேழு தசம் எட்டு.
நான் விரும்பிச் செய்த ஒரே கழித்தல் கணக்கு:
மூன்று தசம் ஆறு.

பெட்டியில் எழுதியிருக்கிறது
நாலு கிலோவுக்குக் கீழ் என்று.
அதற்கு மேலே ஒரு பூனையின் படம்.
படத்தை மூன்று தரம் பார்த்தேன்,
கண்ணாடி போட்டு இன்னொரு தரம்.

போன வைகாசியில் பார்க்கவில்லை.

வெசாக் கூடுகளை இன்னும் இறக்காத கிழமை,
வெள்ளவத்தை முழுக்க ஈரம்.
மழைக்குத் தெள்ளு பெருகி
இரவெல்லாம் தன் இடுப்பைத் தானே கடித்தாள்.
இரண்டாம் மாடி நிலந்தி
தன் நாய்க்குப் போட்டு மிஞ்சிய குழாயை
டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
"பாதி இருக்கு. எறிய மனம் இல்லை, அக்கா."
மருந்து விலை தெரிந்த வீடுகள் இரண்டும்.
இரக்கத்தில் வந்த சாமானின்
பின்பக்கத்தை யார் வாசிப்பது?
முதுகு நடுவில், தாராளமாகவே ஊற்றினேன்.

கடைசிக் கரையோர ரயில் போகும்போது
எங்கள் கட்டிலும் கொஞ்சம் நடுங்கும்.
ரயில் போய்விட்டது.
கறுவா நிற்கவில்லை.

காது துடித்தது, பிறகு முகம்,
வாயிலிருந்து கயிறுபோல் எச்சில்.
தொலைபேசியில் ஒரு பெண்குரல்
நித்திரை கலையாமலே சொன்னது:
கோப்பை கழுவுகிற லிக்விட், வெதுவெதுப்பான தண்ணீர்,
சுடுதண்ணி வேண்டாம்,
கழுவிப்போட்டு உடனே கொண்டுவாங்கோ,
அந்தக் குழாயையும்.

துவாய்க்குள் அவள் ஒரு ஈரமான இயந்திரம்.
ஓட்டோக்காரன் ஃபஸ்லான்
பம்பலப்பிட்டிச் சிவப்பு விளக்கைக் கவனிக்கவில்லை.
சீற் நனைந்ததற்கு இருநூறு கூட வாங்கினான்.
கொடுத்தேன்.

டொக்டர் இமேஷா குழாயை வெளிச்சத்தில் பிடித்து
'பெர்மெத்ரின்' என்றாள்,
ஊரறிந்த கள்வனின் பெயரைச் சொல்வதுபோல.
நாயின் உடம்பு இதை உடைத்துத் தள்ளிவிடும்,
பூனையின் ஈரலுக்கு அந்த வேலை தெரியாது.
"பூனை எண்டது சின்ன நாய் இல்லை, மிஸ்."
அவள் திட்டியிருக்கலாம்.
திட்டாதது நெடுநாள் வலித்தது.

இரண்டு இரவு சேலைன்.
மூன்றாம் நாள் கறுவா
என் கையைக் கடித்தாள். பிழைத்தாள்.

நிலந்தி கதவுக்கு வெளியே நின்று அழுதாள்.
'பரவாயில்லை' என்று சொல்ல
எனக்கு ஒரு கிழமை எடுத்தது.
ஊற்றியது என் கை என்பதை
அவளிடம் சொல்ல
அதைவிட அதிகம்.

இன்று பூனைக்கென்றே வாங்கிய மருந்து,
அவள் நிறை சொல்லி, டொக்டரிடம் கேட்டு.
மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில்
பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வகிடு எடுப்பதுபோல்
மயிரை விலக்கினேன்.
வெள்ளையாய் ஒரு கோடு தோல்.
அவள் நாக்கு எட்டாத ஒரே இடம்,
குட்டியில் தாய் பல்லால் தூக்கிய இடம்.
குழாயின் நுனியைத் தோலில் வைத்துப் பிதுக்கினேன்,
ஒரு குழாய் முழுதும், அதற்கு மேல் ஒரு சொட்டுமில்லை.
தேய்க்கவில்லை. தடவவில்லை.
தடவாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அவளை நக்க வரும் பல்கனிக் கடுவனுக்கு
காயும்வரை கதவு பூட்டு.
இரண்டு நாளைக்குக் குளிப்பு இல்லை
(கேட்டால் அவள் சந்தோஷப்படுவாள்).
கை கழுவி, நகைக்கடைக் கலண்டரில்
அடுத்த மாதத் திகதிக்கு வட்டம் போட்டேன்.
கறுவா அலுமாரிக்கு மேலே ஏறி
என்னை ஒரு கடன்காரியைப் போல் பார்க்கிறாள்.

தராசு நிலந்தியுடையது.
நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும்.
கீழிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்:
"போட்டாச்சா அக்கா? பெட்டியில என்ன படம்?"
பூனை, என்றேன்.
"இன்னொருக்காப் பாருங்கோ."

பார்த்தேன்.
இப்போது ரயில் போகிறது.
அலுமாரி நடுங்குகிறது.
அவள்மீது கை வைக்க முடியாது, இன்னும் ஈரம்.
ரயில் போகட்டும் என்று
நின்றபடி காத்திருக்கிறேன்.